ஒரே மானிட்டர், ரெண்டு கம்ப்யூட்டர்: வேலூர் சத்துவாச்சாரி வீட்ல மூணு மாசம் நடந்த கூத்து

நேத்தோட மூணு வாரம் ஆச்சு, மேஜைக்குப் பின்னால கைய விட்டு ஒரு ஒயரையும் நான் பிடுங்கல. ஒரு பட்டனை அழுத்துனா மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் எல்லாம் ஆபிஸ் லேப்டாப்புக்குப் போகுது, இன்னொரு தடவை அழுத்துனா டெஸ்க்டாப்புக்கு வருது. அவ்ளோதான் விஷயம். ஆனா இந்த அவ்ளோதானுக்கு பிப்ரவரில ஆரம்பிச்சு மே மாசம் வரைக்கும் இழுத்துச்சு, அதனால எங்கெங்க முட்டிக்கிட்டேன்னு எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு.

முதல்ல வீட்டு நிலவரம். பகல்ல ஆபிஸ் வேலை, வீட்லேருந்துதான், அதுக்கு கம்பெனி லேப்டாப். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல மாமனாரோட கடை கணக்கு, லாங் பஜார்ல மளிகை மொத்த வியாபாரம், பில்லெல்லாம் டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல ஏத்தறது நான்தான். அதுக்கு ஒரு பழைய டெஸ்க்டாப், ஏதோ ஆபிஸ்ல கழிச்சுக் கட்டினதை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. மானிட்டர் ஒண்ணே ஒண்ணு, 24 இஞ்ச், 1080பி, 75 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 75 தடவை படத்தைப் புதுப்பிக்கும். ரெண்டாவது மானிட்டர் வாங்கிட வேண்டியதுதானேன்னு கேக்கறவங்களுக்கு, மேஜை அகலம் மூணரை அடி, அதுலயே ஓரமா என் பொண்ணோட கலர் பென்சில் டப்பாவும் உக்காந்திருக்கும், இதுக்கு மேல வைக்கணும்னா தலை மேலதான் வைக்கணும்.

ஆரம்பத்துல தினம் கையாலதான் மாத்திக்கிட்டிருந்தேன். காலைல படத்துக்கான எச்டிஎம்ஐ ஒயர் ஒண்ணு, யூஎஸ்பி மூணு பிடுங்கி லேப்டாப்ல சொருகணும், சாயங்காலம் திரும்பவும் டெஸ்க்டாப்ல. ரெண்டு நிமிஷ வேலைதான், ஆனா ஒரு வருஷம் ஆனப்புறம் லேப்டாப்போட யூஎஸ்பி ஓட்டை லூசாயிடுச்சு, ஒயர் லேசா ஆடுனாலே கீபோர்டு போய்ப் போய் வருது. அப்புறம்தான் பாத்தேன், எச்டிஎம்ஐ கனெக்டருக்கு பத்தாயிரம் தடவை சொருகிப் பிடுங்கறது வரைக்கும் தாங்கணும்னு கணக்கு, சாதாரண யூஎஸ்பிக்கு வெறும் 1,500 தடவைதான். வருஷத்துக்கு முன்னூறு நாள்னு வச்சுக்கிட்டா அஞ்சு வருஷத்துல அந்த 1,500 தீந்துடும், நான் நடுவுல வேற பென் டிரைவ், பிரிண்டர்னு சொருகறவன், அவசரத்துல கோணலா இழுக்கறவன் வேற. கம்பெனி லேப்டாப், ஓட்டை போச்சுன்னா பதில் சொல்லணும். சரி, இதுக்கு ஒரு வழி பண்ணுவோம்னு ஆரம்பிச்சேன்.

காசு செலவில்லாத வழிய முதல்ல பாத்தேன். ஒரே நெட்வொர்க்ல ரெண்டு மெஷின் இருந்தா ஒரு மவுஸ் கீபோர்டை ரெண்டுத்துக்கும் ஓட்டற சாஃப்ட்வேர் இருக்கு, மைக்ரோசாஃப்டோட மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ், இன்புட் லீப் இந்த மாதிரி. அரை மணி நேரத்துல கதை முடிஞ்சது. ஆபிஸ் லேப்டாப்ல நாம எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது, ஆபிஸ் நெட்வொர்க்கோட இணைக்கற விபிஎன் போட்டா வீட்டு நெட்வொர்க்கே அதுக்குக் கண்ணு தெரியாது. அதுவும் இல்லாம இதெல்லாம் மவுஸைத்தான் பகிரும், மானிட்டரைப் பகிராது, அதை யோசிக்காமலே டவுன்லோடு பண்ணிட்டேன்.

அடுத்து 350 ரூபாய்க்கு ஒரு எச்டிஎம்ஐ ஸ்விட்ச். கைல அடங்கற சின்ன டப்பா, மேல ஒரு பட்டன், கரண்ட் எதுவும் வேணாம். படம் வந்துச்சு, வரலன்னு சொல்ல முடியாது. ஆனா கருப்பு ஸ்க்ரீன்ல அங்கங்க பச்சைப் புள்ளி மினுக்குது, கார்த்திகை தீபம் மாதிரி. டப்பால ஒரு ஒயர், அதுலேருந்து மானிட்டருக்கு மூணு மீட்டர் ஒயர், நடுவுல சிக்னலைத் தூக்கி விட ஒண்ணும் இல்ல. அதைவிட, யூஎஸ்பிய இன்னமும் கையாலதான் மாத்தணும், லூசான ஓட்டைக்கு ஒரு நிவாரணமும் இல்ல. ஒரு வாரத்துல அதை டிராயர்ல போட்டேன்.

மார்ச் மாசம் சென்னை போக வேண்டிய வேலை வந்துச்சு, காட்பாடில ரயிலேறினா ரெண்டு மணி நேரம், வேலை முடிச்சுட்டு அப்படியே ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு கேவிஎம் டப்பா வாங்கிட்டு வந்தேன். 2,350 ரூபா. ரெண்டு எச்டிஎம்ஐ உள்ள, ஒண்ணு வெளிய, யூஎஸ்பி நாலு. பேரைக் கேட்டாலே பெரிசா இருக்கும், கீபோர்டு வீடியோ மவுஸ், அதோட முதல் எழுத்துதான் கேவிஎம். இதோட முடிஞ்சுதுடான்னு நெனச்சேன்.

வந்த அன்னைக்கே மூணு தொல்லை. 75 ஹெர்ட்ஸ் போய் 60 ஆச்சு, டப்பா தன்னோட சொந்த தகவலை கம்ப்யூட்டருக்கு குடுக்குது, மானிட்டர் என்ன சொல்லுதுன்னு கடத்தல. அப்புறம் டெஸ்க்டாப்புக்கு மாத்துன உடனே லேப்டாப் மானிட்டர் போயிடுச்சுன்னு நெனச்சு, திறந்து வச்சிருந்த அத்தனை விண்டோவையும் அந்த சின்ன ஸ்க்ரீன்ல குப்பையா கொட்டிடும், திரும்பி வந்தா எல்லாத்தையும் இழுத்து இழுத்து இடத்துல வைக்கணும். இதைத் தடுக்கத்தான் ஈடிஐடி எமுலேஷன்னு ஒண்ணு இருக்கு, மானிட்டர் இன்னும் இருக்குன்னு கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்லிக்கிட்டே இருக்கறது, விலை கூடின டப்பால இருக்கும், நான் வாங்கினதுல இல்ல. மூணாவது, கீபோர்டுலயே மாத்தணும்னா ஸ்க்ரோல் லாக்க ரெண்டு தடவை தட்டணும்னு காகிதத்துல போட்டிருக்கு, என் கீபோர்டுல ஸ்க்ரோல் லாக்கே கிடையாது.

இதோட விட்டுதா. வெப்கேம், ஹெட்செட், கீபோர்டு, மவுஸ் டாங்கிள் (வயர்லெஸ் மவுஸோட குட்டி ரிசீவர்) நாலையும் சொருகினா வெப்கேம் மீட்டிங் நடுவுல அணைஞ்சு போகும். டப்பாவுக்குத் தனி கரண்ட் கிடையாது, லேப்டாப்போட யூஎஸ்பிலேருந்துதான் உறிஞ்சுது, யூஎஸ்பி 2.0 போர்ட்ல கிடைக்கறதே 500 மில்லி ஆம்ப், அதை நாலு பேருக்குப் பிரிச்சா எப்படி. மவுஸும் விட்டு விட்டு ஓடுச்சு, அது வேற காரணம், யூஎஸ்பி 3 ஒயர்லேருந்து கசியற ரேடியோ இரைச்சல் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பக்கத்துலயே விழும், வயர்லெஸ் மவுஸ் டாங்கிளும் அதே இடத்துலதான் பேசுது. ஒரு முழம் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு டாங்கிளைத் தள்ளி வச்சேன், அந்த ஒண்ணு சரியாச்சு.

ஏப்ரல் 10 ராத்திரிதான் நெஜமா பொறுமை போச்சு. ஜிஎஸ்டிஆர்-1, அதாவது ஜிஎஸ்டிக்கான போன மாச விற்பனைக் கணக்கு போட 11ஆம் தேதிதான் கடைசி, மாமா பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துக்கிட்டு "இன்னா மாப்ள, முடிஞ்சுதா"ன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்கறாரு, செவுத்துக்கு அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் டொக்குன்னு ஓட ஆரம்பிச்ச உடனே மானிட்டர் கருப்பாயிடும். ரெண்டு செகண்ட். திரும்ப வரும். அப்புறம் ஃபேன் ஸ்விட்ச் போட்டா ஒரு தடவை. அன்னைக்கு மட்டும் பத்து தடவைக்கு மேல. மாமா நான் ஏதோ தப்பா அமுக்கறேன்னு நெனச்சுக்கிட்டாரு. நான் கேவிஎம் டப்பாவைத் திட்டினேன். ரெண்டு பேரும் தப்பு.

அடுத்த நாள் டப்பாவைக் கழட்டிட்டு நேரா ஒயர் போட்டேன், அப்பவும் ஃப்ரிட்ஜ் ஓடினா கருப்பு. கொஞ்சம் குறைச்சல், ஆனா இருக்கு. அப்பதான் ரொம்ப நாளா கவனிக்காம விட்ட ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, செருப்பில்லாம தரைல நின்னுக்கிட்டு டெஸ்க்டாப்போட தகரத்தைத் தொட்டா விர்ருன்னு ஒரு சின்ன எறும்பு கடி இருக்கும், எச்டிஎம்ஐ சொருகும்போது கூட விரல்ல சுருக்குன்னும். பழகிப் போய் அதை ஒரு விஷயமாவே எடுத்துக்கல. மல்டிமீட்டரை எடுத்து ஏசி வோல்ட் அளக்கற இடத்துல வச்சு, ஒரு முள்ளை டெஸ்க்டாப் பின்பக்க ஸ்க்ரூலயும் இன்னொண்ணை செவுத்து பிளக்கோட எர்த் ஓட்டைலயும் வச்சுப் பாத்தா 104 வோல்ட். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. (கை பழக்கம் இல்லாதவங்க இதை செஞ்சு பாக்காதீங்க, முள்ளு வழுக்கி லைன்ல பட்டா கதையே வேற.)

எலெக்ட்ரீசியனைக் கூப்டேன், எங்க தெருவுக்கெல்லாம் அவர்தான், வயசானவர். செவுத்து பிளக்ல நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல அளந்து பாத்தாரு, ரெண்டு வோல்ட் சொச்சம், அது நல்லாதான் இருக்கு. அப்புறம் மேஜைக்கு அடியில கெடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திருப்பி நாலு ஸ்க்ரூ கழட்டினாரு. ஒரு நிமிஷம் என்னையே பாத்தாரு.

"இன்னா சார் இது, மேல மூணு ஓட்டை வச்சிகினு உள்ள ரெண்டு ஒயர்தான் உட்டுகீறான். எர்த்து எங்க வரும்?"

நாலு வருஷமா அந்த பாக்ஸ்லதான் டெஸ்க்டாப், மானிட்டர், லேப்டாப் சார்ஜர் எல்லாம் ஓடுது. மூணு பின் சொருகற மாதிரி முகம், பின்னால வர்றது ரெண்டு கோர் ஒயர், எர்த் தகடு சும்மா அந்தரத்துல நிக்குது. கம்ப்யூட்டர் பவர் சப்ளைல ஃபில்டருக்குன்னு ரெண்டு சின்ன கெபாசிட்டர் லைன்லேருந்தும் நியூட்ரல்லேருந்தும் பாடிக்கு வரும், எர்த் இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிடும், இல்லன்னா 230ல பாதி அப்படியே தகரத்துல நிக்கும், அதைத்தான் மீட்டர் காட்டிச்சு. கரண்ட் ரொம்ப கம்மி, ஆள் சாக மாட்டான், ஆனா எச்டிஎம்ஐ ஒயரோட மேல் உறை வழியா இது ஒரு மெஷின்லேருந்து இன்னொண்ணுக்கு ஊர்ந்துக்கிட்டே இருக்கும், ஃப்ரிட்ஜ் ஒரு உதறு உதறுனா படம் போகும். எங்க ஊரைப் பத்தி ஒரு பழைய கிண்டல் உண்டு, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981லயே சாமி வந்துட்டாரு, காலியான அந்த இடத்துல எர்த் இல்லாத த்ரீ பின்னை சேத்துக்கலாம்.

நாலு மீட்டர் த்ரீ கோர் ஒயர் 180 ரூபா, நல்ல பிளக் டாப் ஒண்ணு 70. அதே பாக்ஸ்ல ஒயரை மட்டும் மாத்திக் குடுத்துட்டாரு, கூலி வாங்கல, டீ குடிச்சுட்டுப் போனாரு. போகும்போது "வெயில் காலத்துல எர்த்து குழிக்கு வாரத்துல ஒரு குடம் தண்ணி ஊத்து சார், மண்ணு காஞ்சிட்சின்னா வேலை செய்யாது"ன்னு சொன்னாரு, அதை மே மாசம் முழுக்க செஞ்சேன். திரும்ப அளந்தா தகரத்துல அரை வோல்ட் கூட இல்ல. எறும்பு கடி போயே போச்சு. கருப்பாகறது ஒரு நாளைக்கு பத்துலேருந்து ஒண்ணு ரெண்டா குறைஞ்சது, மிச்சம் அந்த மூணு மீட்டர் எச்டிஎம்ஐ ஒயரோட கைங்கரியம், 320 ரூபாய்க்கு ஒண்ணரை மீட்டர் ஒயர் வாங்கி மாத்தினதும் அதுவும் நின்னுடுச்சு. மேஜைல மானிட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல இருக்கறதே ரெண்டரை அடி, அதுக்கு எதுக்கு மூணு மீட்டர் வாங்கினேன்னு எனக்கே தெரியல. எதுக்கும் நீளமா இருக்கட்டுமேன்னு ஒரு புத்தி, எங்கப்பாகிட்ட இருந்து வந்தது.

ஆனா கேவிஎம்மோட மத்த தொல்லை எல்லாம் அப்படியேதான் இருந்துச்சு, விண்டோ குப்பையா கொட்டறது, வெப்கேம் அணையறது. ஈடிஐடி வச்ச டப்பா வாங்கலாமான்னு பாத்தா விலை ஆறாயிரம் ஏழாயிரம்னு போகுது. அப்பதான் ஒரு ஞாயித்துக்கிழமை, என் வீட்டம்மா மானிட்டர் பின்னால தூசி தட்டிக்கிட்டே, "ஏங்க, இங்க இன்னொரு ஓட்டை மூடி போட்டபடியே சும்மா இருக்குதே, இது எதுக்கு?"ன்னு கேட்டா.

டிஸ்பிளேபோர்ட். எச்டிஎம்ஐ மாதிரியே படம் வர்ற இன்னொரு வழி. வாங்கின நாள்லேருந்து பிளாஸ்டிக் மூடி கூட கழட்டல.

இதுல பெரிய அவமானம் என்னன்னா, என் டெஸ்க்டாப்ல எச்டிஎம்ஐயே கிடையாது, பின்னால இருக்கறது ரெண்டு டிஸ்பிளேபோர்ட்தான். அதுலேருந்து எச்டிஎம்ஐக்கு மாத்தற ஒரு கன்வெர்ட்டரை வாங்கினப்பவே குடுத்தாங்க, நானும் இத்தனை மாசமா டிஸ்பிளேபோர்ட்டை எச்டிஎம்ஐ ஆக்கி, அந்த எச்டிஎம்ஐய டப்பால விட்டு, டப்பாலேருந்து மானிட்டருக்கு விட்டுக்கிட்டிருந்தேன். மானிட்டர்லயே ரெண்டு வாசல் இருக்கு, ரெண்டு மெஷினையும் நேரா விட்டிருக்கலாம். படத்தை மாத்தற வேலைய மானிட்டரே செய்யும், வெளிய வேண்டியது யூஎஸ்பி மாத்தற டப்பா மட்டும்தான்.

650 ரூபாய்க்கு 1.8 மீட்டர் டிஸ்பிளேபோர்ட் ஒயர். 1,190 ரூபாய்க்கு யூஎஸ்பி ஸ்விட்ச், ரெண்டு கம்ப்யூட்டர் உள்ள, நாலு போர்ட் வெளிய, ஒயர்ல தொங்கற தனி பட்டன், பக்கவாட்டுல 5 வோல்ட் குடுக்க ஒரு ஓட்டை. இந்த ஓட்டை இருக்கான்னு பாத்து வாங்குங்க, பழைய போன் சார்ஜர் ஒண்ணை அதுல சொருகினேன், வெப்கேம் அப்புறம் ஒரு தடவை கூட அணையல. பட்டனை மேஜை விளிம்புக்கு அடில டபுள் சைடு டேப் போட்டு ஒட்டினேன், முதல் ரெண்டு நாள் வெக்கைல டேப் இளகி விழுந்துடுச்சு, அப்புறம் ரெண்டு சின்ன ஸ்க்ரூ.

இப்ப பட்டன் அமுக்கினா கீபோர்டு மாறுது, படத்துக்கு மானிட்டர் பின்னால கைய விட்டு மெனு பட்டனை நாலு தடவை தட்டணும். இது ஒரு வாரம் ஓடுச்சு. நல்லாதான் இருந்துச்சு, ஆனா சோம்பேறித்தனம் விடல. தேடிப் பாத்தா, வீடியோ ஒயர் வழியாவே மானிட்டருக்கு கட்டளை அனுப்பலாம், டிடிசி/சிஐன்னு பேரு, வெளிச்சம், சத்தம், இன்புட் எல்லாம் கம்ப்யூட்டர்லேருந்தே மாத்தலாம். இன்புட் மாத்தறதுக்கு கோட் 60, அது பதினாறு அடிமான கணக்குல. அதுல நம்ம சாதாரண கணக்குல 15 அனுப்பினா டிஸ்பிளேபோர்ட், 17 அனுப்பினா எச்டிஎம்ஐ, எல்லா மானிட்டரும் இந்த எண்ணை மதிக்காது, என்னுது மதிச்சுது. விண்டோஸ்ல கண்ட்ரோல்மைமானிட்டர்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு, நிர்சாஃப்ட்டோடது, இன்ஸ்டால் பண்ணவே வேணாம், அதுல தட்டிப் பாத்துக்கலாம். லினக்ஸ்காரங்களுக்கு டிடிசியூடில். முதல் நாள் ஒரு மணி நேரம் ஒண்ணுமே நடக்கல, கடைசில பாத்தா மானிட்டர் மெனுலயே டிடிசி/சிஐ ஆஃப்ல இருந்துச்சு.

அடுத்த கேள்வி, யார் கட்டளை அனுப்பறது? ஆபிஸ் லேப்டாப்ல எதுவும் ஓட்ட முடியாது. அதுக்கு வேற ஒருத்தர் எழுதின டிஸ்பிளே ஸ்விட்ச்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் கிடைச்சுது, யோசனை ரொம்ப அழகு. டெஸ்க்டாப்ல அது பின்னால ஓடிக்கிட்டே இருக்கும், நாம சொன்ன யூஎஸ்பி சாதனம் வந்து ஒட்டிக்கிட்டா மானிட்டரை தன் பக்கம் இழுத்துக்கும், அது போயிடுச்சுன்னா அந்தப் பக்கம் தள்ளி விட்டுடும். ஆக ரெண்டு பக்கத்து வேலையும் டெஸ்க்டாப்பே பாத்துக்குது, லேப்டாப்புக்கு இது எதுவுமே தெரியாது. இது நடக்கணும்னா மானிட்டர், தான் காட்டாத இன்புட்லேருந்து வர்ற கட்டளையையும் கேக்கணும், சிலது கேக்காது. என்னுது கேட்டுது, அது என் அதிர்ஷ்டம், பாத்து வாங்கினது இல்ல.

செட்டிங் ஃபைல்ல மூணு வரிதான். யூஎஸ்பி சாதனத்தோட விஐடி பிஐடி எண், வந்தா எந்த இன்புட், போனா எந்த இன்புட். விஐடின்னா எங்க ஊர்ல காட்பாடி பக்கம் இருக்கற காலேஜ்தான், இங்க அது தயாரிச்ச கம்பெனியோட எண், பிஐடி அந்தப் பொருளோட எண், டிவைஸ் மேனேஜர்ல போய் ஹார்ட்வேர் ஐடில பாக்கணும். நான் மவுஸ் டாங்கிளோட எண்ணைப் போட்டேன், ஆனா அதை ஸ்விட்ச்ல சொருகாம நேரா டெஸ்க்டாப்ல சொருகி வச்சிருந்தேன், பட்டனை அமுக்கி அமுக்கிப் பாக்கறேன், அது எங்க போகும், அங்கயேதான் இருக்கு. கீபோர்டோட எண்ணை மாத்திப் போட்டதும் அமுக்கின உடனே மூணு செகண்ட்ல படம் மாறுச்சு. நான் ஒரு இருபது தடவை சும்மாவே அமுக்கி விளையாடினேன், எம்பொண்ணு இருபத்தி ஒண்ணாவது தடவை.

சத்தத்துக்கு தனியா ஒண்ணும் பண்ணல. மானிட்டர்ல ஹெட்போன் ஓட்டை இருக்கு, ஸ்பீக்கரை அதுல சொருகிட்டேன், எந்த மெஷின் படம் வருதோ அதோட சத்தமும் தானா வருது. மைக் வேணுங்கறப்ப மட்டும் யூஎஸ்பி ஹெட்செட். விண்டோ கொட்டற பிரச்சனையும் போச்சு, எச்டிஎம்ஐ ஒயர் லேப்டாப்லயே நிரந்தரமா இருக்கறதால மானிட்டர் இருக்குன்னே அது நெனச்சுக்குது. இதுலயே ஒரு வில்லங்கமும் உண்டு, நான் டேலில இருக்கறப்ப ஆபிஸ் மீட்டிங் அழைப்பு வந்தா அது கண்ணுக்குத் தெரியாத ஸ்க்ரீன்ல போய்த் திறக்கும், ஒரு தடவை மேனேஜர் அஞ்சு நிமிஷம் தனியா பேசிட்டிருந்தாரு. இப்ப ஆபிஸ் சாட்டை மட்டும் லேப்டாப்போட சொந்த ஸ்க்ரீன்ல இழுத்து வச்சுடறேன்.

கணக்கு: வேலை செய்யற செட்டப்புக்கு டிஸ்பிளேபோர்ட் ஒயர் 650, எச்டிஎம்ஐ ஒயர் 320, யூஎஸ்பி ஸ்விட்ச் 1,190, எர்த் ஒயரும் பிளக்கும் 250, மொத்தம் 2,410. தண்டம்னு பாத்தா எச்டிஎம்ஐ ஸ்விட்ச் 350, கேவிஎம் 2,350, அதை தம்பியோட ஃப்ரெண்டுக்கு 1,200க்கு தள்ளி விட்டேன், தொல்லை எல்லாத்தையும் சொல்லித்தான் குடுத்தேன், அவனுக்கு வெப்கேம் வேணாமாம். அப்ப 1,500 தண்டம். ஆக மொத்தம் கைய விட்டுப் போனது 3,910.

திரும்ப முதல்லேருந்து செய்யணும்னா, காசை எடுக்கறதுக்கு முன்னால மானிட்டரோட பின்பக்கத்தை டார்ச் அடிச்சுப் பாப்பேன், அப்புறம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழட்டிப் பாப்பேன். யூஎஸ்பி ஸ்விட்ச்ல நாலு போர்ட்டும் ஒரே வேகம் இல்ல, அதையும் கேட்டு வாங்கியிருக்கணும், ஹார்ட் டிஸ்க் சொருகினா ஆமை வேகம்தான்.

இன்னும் தீராதது ஒண்ணு இருக்கு. டெஸ்க்டாப் தூங்கிட்டிருக்கறப்ப பட்டனை அமுக்கினா கட்டளை அனுப்ப ஆள் கிடையாது, கீபோர்டு மாறும், படம் மாறாது. ஏதாவது ஒரு கீயத் தட்டி எழுப்பினா சில சமயம் தானா இழுத்துக்குது, சில சமயம் கைய பின்னால விடணும். ஸ்லீப்பையே ஆஃப் பண்ணிடலாம், ஆனா இந்த வெயில்ல அந்த ரூம்ல இன்னொரு அடுப்பு எரிய வேணாம்னு விட்டு வச்சிருக்கேன். மழை வரட்டும், பாத்துக்கலாம்.